யாருடைய இடது

நசிமாவிடம் அன்று முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் பேருந்து நடத்துநர். காலை ஏழேகால் மணிக்கு விருதுநகரில் புறப்பட்ட வண்டி ஆமத்தூரைத் தாண்டுவதற்குள் பயணச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என்னம்மா, ராத்திரி தூக்கமில்லையா?"

"நல்லாத் தூங்குனேன் தம்பி."

இரண்டாம் முறை கேட்டவர் சிவகாசியில், அச்சகத்து வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற மெஷின் மேன் ஊர்க்காவலன். "ஒடம்பு சொகமில்லையாக்கா? லீவு போட்டிருக்கலாம்லா. எதுக்கு இம்புட்டுத் தூரம் பஸ்ஸுல ஆடிக்கிட்டு வாறீக?" மூன்றாம் முறை கேட்டது தேநீர் கொண்டுவந்த பெண். மூவருக்கும் நசிமா ஒரே பதிலைச் சொன்னார். ஐந்தாறு ஆண்டுகளாக அவர் சொல்லிவரும் பதில் அது. நாள் முழுவதும் கணினித் திரையைப் பார்ப்பதைவிட, 'நல்லாத்தான் இருக்கேன்' என்று நாலு பேருக்குச் சொல்லி முடிப்பது அவருக்குக் கூடுதல் வேலையாக இருந்தது.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. அகன்ற முகம். கன்னத்துச் சதை தாடையின் விளிம்புக்கு இறங்கி, அங்கிருந்தும் சற்று வழிந்திருந்தது. வாயின் இரண்டு ஓரங்களும் கீழே இழுபட்டிருந்தன. கழுத்துத் தோல் இரண்டு நாண்களாகப் புடைத்திருந்தது. சும்மா இருக்கும்போதுகூட யாரோ இறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பியவரைப் போலத் தோன்றுவார். இதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முகங்களைப் பார்ப்பதுதான் அவருடைய தொழில்.

முப்பத்தொரு ஆண்டுகளாக அவர் டச்சிங் பிரிவில் இருக்கிறார். காலண்டரிலும் பட்டாசுப் பெட்டியிலும் அச்சாகும் முகங்களில் உள்ள குறைகளை நீக்கும் பிரிவு அது. அவர் சேர்ந்த காலத்தில் பிலிமைக் கண்ணாடி மேசையில் பரப்பி, அடியில் விளக்கைப் போட்டு, பூனைமுடித் தூரிகையால் சிவப்புச் சாயம் தொட்டு வேலை செய்தார்கள். இப்போது கணினியும் எழுதுபலகையும் வந்துவிட்டன. வேலை மாறவில்லை. கம்பி மத்தாப்புப் பெட்டியில் சிரிக்கும் குழந்தையின் பல்லிடுக்கை அடைப்பது, ஜவுளிக்கடைக் காலண்டரில் நிற்கும் பெண்ணின் கண்ணுக்குக் கீழுள்ள கருமையை எடுப்பது, கடைமுதலாளி தம் படத்தையே போடச் சொன்னால் அவர் தாடையை ஒருசுற்றுக் குறைப்பது. ஒரு முகத்தை எங்கே தொட்டால் களைப்புப் போகும் என்று நசிமாவுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

எல்லாம் சரியானபின் ஒரு தாளை அடித்து, வேலை கொடுத்த பார்ட்டியிடம் காட்டுவார்கள். பார்ட்டி பார்த்து, ஒப்புக்கொண்டு, அதன் மேலேயே கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு ஓகே ஷீட் என்று பெயர். அதற்குப்பின் ஒரு இலட்சம் பிரதி ஓடினாலும் எல்லாம் அந்தத் தாளைப் போலத்தான் இருக்க வேண்டும். தகராறு வந்தால் அந்தத் தாளைத்தான் எடுத்து விரிப்பார்கள்.

முன்பெல்லாம் பார்ட்டிகள் நேரில் வந்தார்கள். இப்போது வீடியோ காலில் பார்க்கிறார்கள். அச்சகத்தின் இளைய முதலாளி ராஜபாண்டியன், சென்ற ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை வெளியிட்ட மறுவாரம், நசிமாவின் மேசைக்கு வந்து நின்றார். எதையோ சொல்லத் தயங்கி, மேசையில் கிடந்த லென்ஸை எடுத்துத் தம் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, தப்பா நெனச்சுக்கிடாதீக. ஒங்க வேலைய யாரும் குத்தம் சொல்லல. போன்ல பாக்குற பார்ட்டிக்கு நீங்க கோவமா இருக்கீகன்னு தோணுதாம். ஒருத்தரு, 'அந்தம்மாகிட்ட கரெக்சன் சொல்லவே பயமா இருக்கு'ங்காரு. இனிமே கேமரா முன்னால மாரிசெல்வி உக்காரட்டும். நீங்க பக்கத்துல இருந்து சொல்லிக் குடுங்க."

மாரிசெல்வி அதே பிரிவில் வேலை பார்ப்பவள்; எம். புதுப்பட்டி என்ற ஊரிலிருந்து வரும் பெண், இருபத்தேழு வயது. அவள் அம்மா பட்டாசு ஆலையில் திரி வெட்டுகிறார். நசிமாவிடம் அவளுக்கு எதையும் பேசும் உரிமை உண்டு.

"சரியாத்தான சொல்லிருக்காக. ஒங்க மூஞ்சியக் காட்டுனா சரவெடியே நமுத்துப் போகும்க்கா."

"வாய மூடிட்டு வேலையப் பாருளா."

அப்போது நசிமாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு நின்றது அடுத்த மாதத்தில். கோயம்புத்தூர்ப் பார்ட்டி ஒருவர், சேலையின் சிவப்பு ஏன் மங்கியிருக்கிறது என்று கேட்டார். மாரிசெல்விக்குப் பதில் தெரியவில்லை. கேமராவுக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்திருந்த நசிமா மெதுவாகச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் குரல் மறுமுனைக்குக் கேட்டுவிட்டது.

"பின்னால யாரும்மா பேசுறது?"

மாரிசெல்வி பதறிப்போய், "யாருமில்ல சார், ஃபேன் சத்தம்" என்றாள்.

வீடியோ கால் முடிந்ததும் அவள் நசிமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாய்தவறி வந்துருச்சுக்கா. பயத்துல." நசிமா கோபப்படவில்லை. கோபப்பட்டாலும் இல்லாவிட்டாலும் முகம் ஒன்றுதான். முப்பத்தொரு ஆண்டு பார்த்த வேலையில் இனித் தாம் ஓர் ஆளாக இருக்கப் போகிறோமா, சத்தமாக இருக்கப் போகிறோமா என்பதை மட்டும் பேருந்தில் வீடு சேரும்வரை யோசித்துக்கொண்டு வந்தார். அன்று மாலை, பினாங்கில் வாழும் மகள் பர்ஹத்தை அழைத்தார்.

"முகத்தைத் தூக்கித் தைக்கிற ஆபரேசன் இருக்காமே. எங்கன நல்லாச் செய்வாகன்னு விசாரி."

"அம்மா, நீங்களா பேசுறது?" என்றாள் பர்ஹத்.

"நான்தான். ஃபேன் இல்ல."

மதுரையில் செய்துகொள்ள அவருக்கு மனமில்லை. மதுரை மருத்துவமனை வராந்தாவில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் விருதுநகர்க்காரர் மூவரையாவது பார்க்கலாம். அவர்களில் ஒருவர் உறவாக இருப்பார். வெளிநாடு என்றால் மகளைப் பார்க்கப் போனதாகச் சொல்லிவிடலாம். கணவர் சாபிர் இறந்து ஒன்பது ஆண்டுகளாகின்றன. அவர் நடத்திய பருப்பு மண்டியை விற்றதில் மீந்தது வங்கியில் கிடந்தது. மார்க்கம் இதை அனுமதிக்குமா என்று பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுவிடலாமா என இரண்டு வாரம் யோசித்தார். என்ன சொல்வார் என்று ஓரளவு தெரிந்ததாலேயே கேட்கவில்லை. தொழுகை விரிப்பை மடிக்கும்போதெல்லாம் அது ஒரு பாரமாக அவருடன் இருந்தது.

பர்ஹத் மூன்று மருத்துவர்களின் விவரங்களை அனுப்பினாள். ஒருவர் இஸ்தான்புல்லில், விமான நிலையத்து வண்டி முதல் ஓட்டல் அறைவரை எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். ஒருவர் பாங்காக்கில். மூன்றாமவர் பினாங்கிலேயே மருத்துவமனை வைத்திருக்கும் லிம் என்ற பெண் மருத்துவர். மூவரும் முன்னும் பின்னும் எடுத்த படங்களை வெளியிட்டிருந்தார்கள். மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபின் நசிமா அவற்றைத் தம் கணினியில் திறந்து, நான்கு மடங்கு பெரிதாக்கினார்.

இஸ்தான்புல் படங்களில், அறுவைக்குப்பின் ஒரு பெண்ணின் கன்னத்தில் இருந்த அதே தோல்துண்டு அவள் கழுத்திலும் இருந்தது. மயிர்க்கால்கள் ஒன்றுவிடாமல் ஒத்திருந்தன. கன்னத்தை எடுத்துக் கழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். பாங்காக் படம் ஒன்றில், இடப்பக்கம் இருந்த மச்சம் அறுவைக்குப்பின் வலப்பக்கம் போயிருந்தது. வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வருவதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக யாரோ படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். பினாங்குப் படங்கள் மோசமாக எடுக்கப்பட்டவை. தட்டை வெளிச்சம், சாம்பல் சுவர், காதோரம் நூல் போல இளஞ்சிவப்புத் தழும்பு தெரிந்தது. ஒரு பெண்ணுக்குக் காதுக்கு மேலே முடி கொட்டியிருந்தது; அதையும் அப்படியே விட்டிருந்தார்கள்.

ஆனாலும் நசிமா உடனே முடிவு செய்யவில்லை. படத்தைத் திருத்துவது குற்றமென்றால் அவர் முப்பத்தொரு ஆண்டாகக் குற்றம் செய்துவருகிறார். டச்சிங் மோசமாக இருப்பதால் கைத்தொழிலும் மோசம் என்று சொல்லிவிட முடியாது. பர்ஹத்துக்கோ இஸ்தான்புல்தான் பிடித்திருந்தது.

"ஓட்டல்ல நர்ஸே வந்து பாப்பாங்களாம்மா. இங்கன இருக்குற டாக்டர் போட்டிருக்குற போட்டோவப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்கு. தழும்பெல்லாம் தெரியுது."

"தழும்பு எல்லாருக்கும் இருக்கும்ளா. தெரியுதா தெரியலையாங்கறதுதான் வித்தியாசம்."

எந்த வேலையையும் எழுத்தில் கொடுப்பது நசிமாவின் பழக்கம். கைப்பேசியை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துத் தம் முகத்தை முக்காடில்லாமல் எடுத்துக்கொண்டார். பார்ட்டிகளின் புரூஃபில் திருத்தம் குறிப்பதைப் போலவே அந்தப் படத்தில் எண்களிட்டுக் கோடு இழுத்தார். ஒன்று: வாயோரம். இரண்டு: தாடை விளிம்பு. மூன்று: கழுத்து. கீழே ஒரு குறிப்பும் எழுதினார்: 'இடது தாடை கூடுதலாக இறங்கியிருக்கிறது. இடப்பக்கம் கூடுதலாகத் தூக்க வேண்டும்.' பர்ஹத் அதை ஆங்கிலமாக்கி மூவருக்கும் அனுப்பினாள்.

இஸ்தான்புல்லிலிருந்து ஒருமணி நேரத்தில் பதில் வந்தது. எல்லாம் குறித்துக்கொண்டோம், இடப்பக்கம் கூடுதல் கவனம் தருவோம், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். பாங்காக் பதிலும் மறுநாள் அதே பாங்கில் வந்தது. இரண்டு பூக்களின் படமும் இருந்தது. பினாங்கிலிருந்து நான்கு நாள் ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்த கடிதத்தில் ஒரேயொரு கேள்விதான் இருந்தது. பர்ஹத் அதைத் தொலைபேசியில் படித்தாள்.

"'நீங்கள் குறிப்பிடும் இடது யாருடைய இடது?'ன்னு கேக்குறாங்கம்மா. என்ன கேள்வி இது? இடதுன்னா இடதுதான?"

நசிமா எழுந்து கண்ணாடி முன் போய் நின்றார். கையை உயர்த்தித் தாடையைத் தொட்டுப் பார்த்தார். கூடுதலாகத் தொங்கியது அவருடைய வலது தாடை.

அச்சகத்தில் இடது என்றால் தாளின் இடது. படத்தில் நிற்பவருடைய கையை அங்கே யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பவரின் கைப்பக்கம்தான் கணக்கு. 'இடது கண்ணு டல்லடிக்குது' என்று பார்ட்டி சொன்னால், காலண்டர்ப் பெண்ணின் வலது கண்ணைத்தான் நசிமா தொடுவார். முப்பத்தொரு ஆண்டுப் பழக்கம். தம் சொந்த முகத்தையும் அவர் தாளாகவே பார்த்து எழுதியிருக்கிறார். படம் கையில் இருந்தும் இரண்டு மருத்துவர்கள் அதைக் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தும் கேட்கவில்லை. நல்லாயிருந்த பக்கத்தை இன்னும் இழுத்துத் தைத்திருந்தால் வாய் எந்தப் பக்கம் கோணியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். பினாங்குக்கே எழுதிப் போடு. தாளோட இடது, என்னோட வலதுன்னு எழுது."

"அப்ப இஸ்தான்புல்?"

"அவுக பூசி மெழுகுறவுக. வேண்டாம்."

தை பிறந்தபின் காலண்டர் சீசன் முடிந்தது. மகளுக்கு உதவியாக இருக்கப் போவதாகச் சொல்லி ஐந்து வார விடுப்பு எடுத்தார். திருச்சியில் விமானம் ஏறி, கோலாலம்பூரில் மாறி, பினாங்கு போய்ச் சேர்ந்தபோது முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. மருத்துவர் லிம் ஒல்லியானவர். அவருக்கும் ஐம்பது வயதிருக்கும். அவர் கண்ணுக்குக் கீழும் பைகள் இருந்தன. நசிமா ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்த கேள்விகளைப் பர்ஹத் ஒவ்வொன்றாகக் கேட்டாள். வெட்டுவதும் தைப்பதும் நீங்களா, உதவியாளரா? மயக்க மருந்து கொடுப்பவர் யார்? போன ஆண்டு எத்தனை பேருக்குச் செய்தீர்கள், எத்தனை பேருக்குத் தவறிப்போனது? ஊருக்குப் போனபின் ஏதாவது ஆனால் யாரை அழைப்பது?

எத்தனை பேருக்குத் தவறிப்போனது என்ற கேள்வியை மருத்துவர் மழுப்பவில்லை. இரண்டு பேருக்குத் தோலுக்கடியில் இரத்தம் கட்டியதாகவும், அன்றே மறுபடி திறக்க வேண்டியிருந்ததாகவும் சொன்னார். ஒருவருக்கு வாயோரம் மூன்று மாதம் சரியாக அசையவில்லையாம். பிறகு நசிமாவை நிமிர்ந்து உட்காரவைத்து, ஊதாப் பேனாவால் முகத்திலேயே கோடு வரைந்தார். வரைந்துகொண்டே பேசினார். பர்ஹத் மொழிபெயர்க்கத் தயங்கினாள்.

"டாக்டர் என்ன சொல்றாங்கன்னா..."

"அப்படியே சொல்லு."

"தாடையும் கழுத்தும் மாறுமாம். கண்ணும் நெத்தியும் அப்படியேதான் இருக்குமாம். பத்து வயசு குறையும்னு நம்பி வந்திருந்தா இப்பவே திரும்பிப் போயிறச் சொல்றாங்க. நீங்க நெசமாவே அசதியா இருந்தா, அதுக்குத் தன்கிட்ட வைத்தியம் இல்லையாம்."

நசிமா தம் பையிலிருந்து படத்தை எடுத்தார். புதிதாக அச்சடித்து, 'என் வலது', 'என் இடது' என்று இரண்டு பக்கமும் எழுதிய படம். தொடும் இடங்களையும் தொடாத இடங்களையும் குறித்து, கீழே கையெழுத்திடுமாறு மருத்துவரிடம் நீட்டினார். மருத்துவமனைக்கென்று வேறு படிவங்கள் இருந்தன. இருந்தும் லிம் அந்தப் படத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார். யாரும் தம்மிடம் இப்படிக் கேட்டதில்லை என்றார்.

"எங்க ஊர்ல இது இல்லாம மெஷின் ஓடாதுன்னு சொல்லு" என்றார் நசிமா.

அறுவை ஐந்து மணி நேரம் நடந்தது. விழித்தபோது தலை முழுவதும் கட்டு. இரண்டு காதுக்குப் பின்னாலும் மெல்லிய குழாய்கள். லோடு ஏற்றக் கட்டிவைத்த பார்சலைப் போலத் தாம் கிடப்பதாக அவருக்குத் தோன்றியது. மறுநாள் குழாய்களை எடுத்தார்கள். முகம் வீங்கி, முதலில் ஊதா, பிறகு பச்சை, பிறகு மஞ்சள் என்று நாளுக்கு ஒரு நிறமாக மாறியது. காதுமடல் மரத்துப்போய், கைப்பேசியை வைத்தால் வைத்த உணர்வே இல்லை.

தலையணைகளை உயர்த்தி, சாய்ந்தபடியே தூங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நசிமா தூங்கினார். பகலிலும் தூங்கினார். பர்ஹத் கஞ்சி கொண்டுவந்து எழுப்பினால், குடித்துவிட்டு மறுபடி தூங்கினார். பதினோரு நாள் அப்படிப் போயிற்று. முகத்தில் வலி குறைந்த பிறகும் அவருக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் கட்டிலில் உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்த்தார். சாபிர் நோயில் விழுந்த ஆண்டிலிருந்து, ரம்ஜான் பெருநாள் தவிர, தொடர்ச்சியாக மூன்று நாள் அவர் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. நடத்துநரும் ஊர்க்காவலனும் தேநீர் கொண்டுவந்த பெண்ணும் சரியாகத்தான் கேட்டிருந்தார்கள். தவறான பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

கடைசிப் பரிசோதனையில், அவர் படங்களை வெளியிட அனுமதி உண்டா என்று லிம் கேட்டார். முகத்தையும் முடியையும் வெளியே காட்டச் சம்மதமில்லை என்றார் நசிமா. வலது காதையும் தழும்பையும் மட்டும் நறுக்கிப் போட்டுக்கொள்ளலாம். தழும்பைத் திருத்தக் கூடாது. அங்கேயே திரையில் அந்தத் துண்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அடியில் 'நோயாளியின் வலது' என்று எழுதவைத்த பிறகுதான் எழுந்தார்.

பங்குனியில் அவர் வேலைக்குத் திரும்பினார். காதோரத் தழும்பை முக்காடு மறைத்தது. நடத்துநர் பயணச்சீட்டைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நகர்ந்தார். ஊர்க்காவலன், "வாங்கக்கா, பேரப்பிள்ளைக நல்லாருக்காகளா?" என்றதோடு சரி. மாரிசெல்வி மட்டும் சுற்றிச்சுற்றி வந்து பார்த்தாள்.

"என்னக்கா, பினாங்குத் தண்ணி ஒத்துக்கிடுச்சா? என்னமோ மாறியிருக்கு. என்னன்னுதான் தெரியல."

"தூங்குனேன்ளா."

முதல் வாரத்திலேயே ராஜபாண்டியன் அவரைக் கேமரா முன்னால் உட்காரச் சொன்னார். பார்ட்டிகள் பயமில்லாமல் பேசினார்கள். திருத்தம் சொன்னார்கள், சிரித்தார்கள், கோயம்புத்தூர்க்காரர் பத்து நிமிடத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட தாளை அனுப்பினார். இரண்டாம் வாரத்தில் பள்ளிப் புத்தக அட்டை வேலையும், மூன்றாம் வாரத்தில் நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் நாற்பது லேபிள்களும் அவர் மேசைக்கு வந்தன. 'அக்கா தெம்பா இருக்காக, குடுங்க' என்று ராஜபாண்டியன் சொன்னதாக மாரிசெல்வி சொன்னாள். ஒருநாள்கூட அவரிடம் யாரும் அந்தப் பழைய கேள்வியைக் கேட்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை மாலை, முப்பத்தேழாம் லேபிளில் பூச்சட்டி வாணத்தைச் சுற்றி நின்ற குழந்தைகளின் பற்களை வெளுத்துக்கொண்டிருந்தபோது, நசிமாவின் கை தானாக நின்றது. கோப்பை மூடினார். விடுப்புப் படிவம் ஒன்றை எடுத்து, மூன்று நாள் என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் ஒரே சொல்லை எழுதி, முதலாளியின் அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ராஜபாண்டியன் படிவத்தைப் படித்தார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"அசதின்னு எழுதிருக்கீகளேக்கா. பாத்தா அப்பிடித் தெரியலையே. மாத்தி எழுதிட்டீகளா?"

"சரியாத்தான் எழுதிருக்கேன் தம்பி. ஓகே ஷீட்டுதான். கையெழுத்துப் போடுங்க."

ராஜபாண்டியன் பேனாவைத் தேடினார். அது கிடைக்கும்வரை நிற்க முடியாமல், நசிமா எதிரிலிருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.